வாயால் எதுவும் கொடுக்க வேண்டாம்

கட்டிலின் தலைமாட்டில் இந்த மட்டை தொங்குகிறது.
நாலு நாளாக எச்சில் மட்டும் விழுங்குகிறேன்,
அதற்கும் கணக்குக் கேட்பார்களோ என்று.

"குடிப்பீங்களா ஐயா?"
சேர்த்த இரவில் ஒருத்தர் கேட்டார்.
விடிய இன்னொருத்தர்.
மூன்றாம் தரம் மருமகன் பக்கத்தில் நிற்க.
சம்மாந்துறையில் ஐம்பத்தெட்டு வருஷம்,
கள்ளைக் காற்றில் வந்த மணமாக மட்டும் அறிந்தவன்.
இல்லை என்றேன்.
எழுதினார்கள்.
மருமகன் சுவரில் பல்லியைப் பார்த்தான்.

வலி மேல்வயிற்றில் ஏறி முதுகால் வெளியே போகும்.
குனிந்தால் கொஞ்சம் விடும்.
நெற்றியை மெத்தையில் புதைத்துக் கிடந்தேன்.
தொழுகிறேன் என்று நினைத்து
பக்கத்துக் கட்டில் வாழைச்சேனைக்காரர்
ரேடியோவைக் குறைத்தார்.

ஸ்கேன் வந்த பிறகுதான் அந்தக் கேள்வி நின்றது.
பித்தப்பையிலிருந்து இறங்கிய கல்,
சம்பா நெல்லளவு,
இரண்டு குழாயும் கூடுகிற வாயில் குந்தியிருக்கிறதாம்.

டொக்டர் கோபிகா, ஆரையம்பதிப் பிள்ளை,
மருந்துத் துண்டின் பின்பக்கம் கீறிக் காட்டினா.
இது இரைப்பை.
இதற்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிறது கணையம்.
இதில் ஊறுகிற ட்ரிப்சின்
இறைச்சி, மீன், பருப்பு, நீங்க திண்ட தயிர்,
எல்லாத்தின் புரதத்தையும் துண்டு துண்டாய் நறுக்கும்.

"அப்ப கணையத்தை ஏன் நறுக்கல்ல?"

பேனை நின்றது.
"பூட்டித்தான் அனுப்பும் ஐயா.
பூட்டைத் திறக்கிற ஆள் குடலிலதான் இருக்கு.
அங்க ஒன்று திறந்தால்
அது மற்றதையெல்லாம் திறந்துவிடும்.
கணையத்துக்குள்ள ஒரு காவல்காரனும் இருக்கான்,
ஒன்றிரண்டு தவறித் திறந்தால் பிடிச்சு அமுக்குவான்.
வழி அடைபட்ட அன்று
அவனுக்கு ஏலாமப் போச்சு.
உங்கட சமிபாடு உங்களிலேயே தொடங்கிற்று."

நான் வட்டை விதானை, மகள்.
துருசுத் திறப்பு பதினேழு வருஷம் என் இடுப்பில்.
இதற்குப் படம் வேண்டாம்.

சொல்லவில்லை.
சொன்னால் மிச்சத்தையும் சொல்ல வேண்டும்.

ஒரு சிறுபோகம், இரவு பதினொரு மணி,
கூட்டத்தில் வைத்த திகதிக்கு இரண்டு நாள் முந்தி
திறப்பைச் சுழற்றினேன்.
மச்சானின் வயல் வெடிக்கிறதென்று
அவன் என் வீட்டில் சோறு தின்னாமல் எழும்பிப் போயிருந்தான்.
கீழ்க்கண்டத்தில் அன்று பின்னேரம்தான் விதைத்திருந்தார்கள்.
முளை நெல் கிளம்பி மிதந்து
வடிச்சலோடு போனது, நாற்பது ஏக்கர்.
தண்ணீர் நல்ல தண்ணீர்தான்.
அதே தண்ணீருக்குத்தான் எல்லாரும் காத்திருந்தார்கள்.

எலி வரம்பைத் துளைத்தது என்றேன்.
நம்பினார்கள்.
உதுமாலெவ்வைக் காக்கா மனைவியின் காப்பை ஈடு வைத்து
மறுகா விதைத்தார்.
என்னிடம் ஒருத்தரும்
மூன்று தரம் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் வாய்வழியே குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள்.
ஏழாம் நாள் மட்டையைக் கழற்றினார்கள்.
கல்லடிப் பாலத்துப் பக்கமிருந்து காற்று வர
மருமகன் கஞ்சியை ஊதி ஊதி ஆற்றினான்.
இரண்டு கரண்டி.
உள்ளே ஏதோ பூட்டு
தன்ர இடத்தில், தன்ர நேரத்தில்
திறந்திருக்க வேணும். வலிக்கவில்லை.

மூன்றாம் கரண்டிக்குப் போன் அடித்தது.
"விதானையார், ஞாயித்துக்கிழம தொறக்கலாமா?"
உதுமாலெவ்வையின் மகன்.
"கூட்டத்தில எழுதின திகதி?"
"புதன்."
"அப்ப புதன்."
"ரெண்டு மூணு நாள் முந்தித் தொறந்தா என்ன வரப்போகுது?"

மருமகன் கரண்டியைப் பிடித்தபடி நின்றான்.
கஞ்சி சொட்டி விரிப்பில் விழுந்தது.

"போனை வாப்பாக்கிட்டக் குடு" என்றேன்.